வீட்டு சுகர் மெஷின் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்வேதியியல் படித்துவிட்டு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்ப்பதால், குளுக்கோமீட்டரைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருகிறது. ரத்தம் கொடுக்க வருகிறவர்கள், உறவினர்கள், வேதியியல் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் ஏறக்குறைய அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைப் போட்டுப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அத்தனை வீடுகளிலும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் சாப்பாடும் மாத்திரையும் நடக்கிறது என்பதால், எண் எப்படி வருகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மருந்தின் அளவை மாற்றுவது மட்டும் உங்கள் டாக்டரிடம் பேசிவிட்டுத்தான்.

மெஷின் சுகரை எப்படிக் கண்டுபிடிக்குது? ரத்தத்தோட கலரைப் பார்த்தா?

நிறத்தைப் பார்ப்பது பழைய முறை. 1960-களில் வந்த டெக்ஸ்ட்ராஸ்டிக்ஸ் பட்டையில் ரத்தத்தை வைத்து, ஒரு நிமிடம் கழித்துத் தண்ணீரில் கழுவி, பட்டையின் நிறத்தை ஓர் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இன்று வீடுகளில் இருக்கும் பெரும்பாலான மீட்டர்கள் நிறத்தைப் பார்ப்பதில்லை, மின்னோட்டத்தை அளக்கின்றன.

ஸ்ட்ரிப்பின் நுனியில், கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு நொதி காய்ந்த நிலையில் இருக்கிறது. அதற்கு அடியில் கார்பனாலோ உலோகத்தாலோ ஆன மின்முனைகள். ரத்தம் பட்டதும் நொதி கரைந்து, ஒவ்வொரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்தும் இரண்டு எலக்ட்ரான்களைப் பறிக்கிறது. ஆனால் நொதி பெரிய மூலக்கூறு, அதன் வினை நடக்கும் இடமோ உள்ளே ஆழத்தில் இருக்கிறது. அதனால் எலக்ட்ரான்களை மின்முனையிடம் நேராகக் கொடுக்க அதனால் முடியாது. இடையில் மீடியேட்டர் என்ற ஒரு சின்ன வேதிப்பொருள் பரிசல் போல இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வந்து அவற்றைக் கொண்டு சேர்க்கிறது. மீட்டர் ஒரு சிறிய மின்னழுத்தம் கொடுத்து, சில நொடிகளில் ஓடும் மின்னோட்டத்தை அளந்து, அதை எண்ணாக மாற்றிக் காட்டுகிறது.

திரையில் தெரிவது இப்படி மின்னோட்டத்திலிருந்து கணக்கிட்ட எண். அந்த மின்னோட்டத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் எதுவும் எண்ணையும் மாற்றும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இதிலிருந்து வருபவைதான்.

எவ்வளவு ரத்தம் வேணும்? பத்தலைன்னா மேல இன்னொரு சொட்டு விடலாமா?

இன்றைய ஸ்ட்ரிப்களுக்கு ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவாகவே போதும். அரை மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுகர் 100 (ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம்) என்றால், அதில் இருக்கும் குளுக்கோஸ் ஒரு கிராமில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது அரை மைக்ரோகிராம். அவ்வளவு சின்ன அளவை வைத்துத்தான் முழுக் கணக்கும் நடக்கிறது.

சில மாடல்கள் சில நொடிகளுக்குள் மறுபடி ரத்தம் வைக்க அனுமதிக்கும், அது அவற்றின் கையேட்டிலேயே இருக்கும். மற்றபடி முதல் சொட்டு பட்டவுடனே வினை தொடங்கிவிடுவதால், பிறகு சேர்க்கும் சொட்டு கணக்கைக் குழப்பும். புது ஸ்ட்ரிப் எடுங்கள். பயன்படுத்தியதைக் கழுவி மறுபடி பயன்படுத்தவும் முடியாது. நொதியும் மீடியேட்டரும் முதல் தடவையே கரைந்து போய்விட்டன.

ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுட்டேன். கை வேற கழுவணுமா?

கழுவ வேண்டும். மாம்பழம் நறுக்கிய கை, லட்டு பிடித்த கை, வாழைப்பழத் தோலை உரித்த கை இவற்றின் விரல் நுனியில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை மேலே சொன்ன அரை மைக்ரோகிராமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜப்பானில் செய்து 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சர்க்கரை நோயே இல்லாதவர்களைப் பழம் உரிக்கச் சொல்லிவிட்டு விரலில் ரத்தம் எடுத்தார்கள். எண் தாறுமாறாக ஏறியது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த பிறகும் இறங்கவில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவியபோதுதான் உண்மையான எண் வந்தது. சர்க்கரை தண்ணீரில் நன்றாகக் கரையும், ஆல்கஹாலில் அவ்வளவாகக் கரையாது. காரணம் அவ்வளவுதான்.

கழுவியபின் நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். விரலில் நிற்கும் ஈரம் ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்து எண்ணைக் குறைத்துவிடும். வெளியூரில் தண்ணீர் கிடைக்காத இடமாக இருந்தால், முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை எடுங்கள். விரலைப் பிழிந்து பிழிந்து எடுக்காதீர்கள்.

ஒரே விரல், ஒரே நிமிஷம். முதல்ல 118, அப்புறம் 131. மெஷின் கெட்டுப்போச்சா?

இல்லை. வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 15197. அதன் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்வது இது: 100-க்குக் கீழே இருந்தால், நூறில் 95 அளவீடுகளாவது ஆய்வக மதிப்பிலிருந்து 15 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். 100-ம் அதற்கு மேலும் என்றால் 15 சதவீதத்துக்குள். உண்மையான சுகர் 125 என்று வையுங்கள். 118, 131 இரண்டுமே தரத்துக்கு உட்பட்ட எண்கள்தான்.

இதனால்தான் "நேத்து 121, இன்னைக்கு 128, ஏறிடுச்சு" என்று கவலைப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அது ஏற்றமே அல்ல. ஒரு வாரம், பத்து நாள் எண்களை வரிசையாக எழுதிவைத்துப் பார்த்தால் போக்கு தெரியும். ஒற்றை எண்ணில் ஏழெட்டு வித்தியாசத்துக்கு அர்த்தம் தேடாதீர்கள்.

வீட்டுல 142, அரை மணி நேரத்துல லேப்ல 126. எதை நம்புறது?

126-க்கு 15 சதவீதம் மேலும் கீழும் போட்டால் 107 முதல் 145 வரை. 142 அதற்குள் வந்துவிட்டது, இரண்டும் முரண்படவில்லை. சர்க்கரை நோய் இருக்கிறதா இல்லையா என்று முதன்முதலில் முடிவு செய்வதென்றால் ஆய்வகப் பிளாஸ்மா (ரத்த அணுக்களை நீக்கிய திரவம்) மதிப்பைத்தான் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் 126 என்பதுதான் அந்த எல்லை என்பதால், அந்த இடத்தில் 15 சதவீதம் என்பது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. விரல் நுனியில் வருவது நுண்குழாய் ரத்தம், ஆய்வகம் எடுப்பது சிரை ரத்தம். வெறும் வயிற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. சாப்பிட்ட பிறகு, திசுக்கள் குளுக்கோஸை எடுத்துக்கொள்வதால் சிரையில் குறைந்துவிடும், விரலில் கூடுதலாக இருக்கும். மீட்டரையும் ஆய்வகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் வெறும் வயிற்றில், ஐந்து பத்து நிமிட இடைவெளிக்குள் செய்யுங்கள்.

அப்போ லேப் ரிசல்ட் எப்பவும் சரியாத்தான் இருக்குமா?

கருவி சரியாக இருந்தாலும், ரத்தம் குழாயில் காத்திருந்தால் எண் குறையும். சிவப்பணுக்கள் உடலை விட்டு வெளியே வந்த பிறகும் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பநிலையில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையலாம். நம் ஊர் வெயிலில் வேகம் இன்னும் கூடும். சாம்பல் நிற மூடிக் குழாயில் ஃபுளோரைடு இருப்பது இதைத் தடுக்கத்தான், ஆனால் அது முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போகிற சேவையில், குழாய் எத்தனை மணி நேரம் கழித்து ஆய்வகம் போய்ச் சேர்கிறது என்று கேட்பதில் தவறே இல்லை. கேளுங்கள்.

ஸ்ட்ரிப்பை ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா? எக்ஸ்பைரி ஆகி ரெண்டு மாசம்தானே ஆச்சு?

இரண்டுக்கும் வேண்டாம் என்பதே பதில். ஸ்ட்ரிப்பின் பெரிய எதிரி ஈரப்பதம். டப்பாவின் உட்புறத்தில் ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது, அதனால்தான் ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்தவுடன் மூடியை அழுத்தி மூடச் சொல்கிறோம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே படியும். பெரும்பாலான டப்பாக்களில் 30 டிகிரி வரை என்று போட்டிருக்கும். சென்னை மே மாதத்தில் மூடிய காருக்குள்ளோ ஜன்னலோரத்திலோ வைத்தால் அந்த எல்லை எப்போதோ தாண்டியிருக்கும். வீட்டிலேயே குளிர்ச்சியான, நிழலான அலமாரி போதும்.

கெட்டுப்போன ஸ்ட்ரிப் எந்தப் பக்கம் தவறு செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நொதி செயலிழந்தால் எண் குறைவாக வரும். பல ஸ்ட்ரிப்களில் மீடியேட்டராக இருப்பது ஃபெரிசயனைடு. ஈரத்தில் அது ரத்தம் படுவதற்கு முன்பே எலக்ட்ரான் வாங்கிய நிலைக்கு மாறிவிட்டால் எண் கூடுதலாக வரும். சந்தேகம் வந்தால் கண்ட்ரோல் சொல்யூஷன் (குளுக்கோஸ் அளவு முன்பே தெரிந்த சோதனைக் கரைசல்) வாங்கி ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். டப்பாவில் அச்சிட்ட எல்லைக்குள் வந்தால் ஸ்ட்ரிப் நலம். இந்தச் சின்னப் பாட்டிலை நம் கடைகளில் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. மீட்டர் விற்கிறவர்களே எடுத்துச் சொன்னால் நல்லது.

சிங்கப்பூர்ல இருக்கிற தங்கச்சி அவளுக்கு 7.2ன்னு சொல்றா. எனக்கு 130. யாருக்கு அதிகம்?

இருவருக்கும் ஒன்றுதான். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் மில்லிமோல் அலகு, இங்கே மில்லிகிராம் அலகு. அவர்கள் எண்ணை 18-ஆல் பெருக்குங்கள்: 7.2 என்பது சுமார் 130. அங்கிருந்து மீட்டர் வாங்கி அனுப்பச் சொல்வதாக இருந்தால் அலகைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், அதே ஸ்ட்ரிப் இங்கே கிடைக்குமா என்றும் பாருங்கள்.

மீட்டர்ல எப்பவும் 130, 140தான். ஏ1சி மட்டும் 8.2 வந்திருக்கு. எது பொய்?

பெரும்பாலும் இரண்டும் பொய் சொல்லவில்லை. எச்பிஏ1சி இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. 8.2 என்பது சராசரியாகச் சுமார் 189-க்குச் சமம். நீங்கள் தினமும் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் ஏற்றத்தை மீட்டர் ஒருநாளும் பார்த்ததில்லை. ஒரு வாரம் இட்லி, சாதத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

அரிதாக ஏ1சியே ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் அது கூடுதலாக வரலாம். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களில் குறைவாக வரும்.

எனக்கு ரத்தம் கம்மின்னு சொல்லியிருக்காங்க. அதனால சுகர் எண் மாறுமா?

மாறலாம். குளுக்கோஸும் மீடியேட்டரும் பிளாஸ்மா வழியாக நகர்ந்து மின்முனையை அடைய வேண்டும். சிவப்பணுக்கள் நெருக்கமாக இருந்தால் வழி அடைபட்டு மின்னோட்டம் குறையும், எண் குறைவாக வரும். சிவப்பணுக்கள் குறைவாக இருந்தால் நேர்மாறு, எண் கூடுதலாக வரும். சில புது மீட்டர்கள் ரத்தத்தின் மின்தடையையும் சேர்த்து அளந்து இதைச் சரிசெய்துகொள்கின்றன. உங்கள் ஸ்ட்ரிப் எந்த ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) வரம்புக்குள் சரியாக இருக்கும் என்பது அதன் துண்டுச்சீட்டில் இருக்கும். சிறிய எழுத்துதான், ஆனாலும் படியுங்கள்.

இது கர்ப்பிணிகளுக்கு முக்கியம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் நாட்டின் கர்ப்பிணிகளில் 52 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. சென்னையின் டாக்டர் வி. சேஷையா முன்னெடுத்த முறையில், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைப் பிளாஸ்மாவுக்கு ஏற்பச் சரிசெய்த மீட்டரில் பார்க்க அரசு வழிகாட்டுதல் இடம் தருகிறது. ஆய்வகம் எட்டாத ஊர்களில் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன், ஏனென்றால் பரிசோதனையே நடக்காமல் போவது அதைவிடக் கெடுதல். ஆனால் 138, 143 என்று எல்லையில் வந்து, ஹீமோகுளோபினும் மிகக் குறைவாக இருந்தால், ஒரு முறை சிரை ரத்தத்தில் பார்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.

வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டா சுகர் ஏறுமா?

சுகர் ஏறாது, மீட்டரின் எண் ஏறலாம். வைட்டமின் சி தானாகவே எலக்ட்ரானைக் கொடுத்துவிடும் குணம் உள்ளது. அந்த எலக்ட்ரான் குளுக்கோஸிலிருந்து வந்ததா, வைட்டமினிலிருந்து வந்ததா என்று மின்முனைக்குத் தெரியாது. தினசரி ஒரு மாத்திரை விரல் ஸ்ட்ரிப்பில் பொதுவாகப் பெரிய வித்தியாசம் காட்டாது. நரம்பு வழியாக மிக அதிக அளவில் ஏற்றும்போதுதான் ஆபத்து: எண் பொய்யாக ஏறி, அதைப் பார்த்து இன்சுலின் போட்டால் உண்மையான சுகர் பாதாளத்துக்குப் போய்விடும். அப்படிச் சிகிச்சை எடுப்பவர்கள் ஆய்வக முடிவை மட்டும் நம்ப வேண்டும்.

அப்பா வீட்டுல வயித்து வழியா டயாலிசிஸ் பண்றார். சுகர் மெஷின் பார்த்து வாங்கணும்னு நர்ஸ் சொன்னாங்க. ஏன்?

அந்த நர்ஸ் மிக முக்கியமான விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். எல்லா ஸ்ட்ரிப்பிலும் ஒரே நொதி இல்லை. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்பது ஒரு வகை, அது குளுக்கோஸைத் தவிர வேறு சர்க்கரையைக் கிட்டத்தட்டத் தொடாது. குளுக்கோஸ் டிஹைட்ரோஜினேஸ் என்பது இன்னொன்று. அதிலும் பி.க்யூ.க்யூ. என்ற துணைக்காரணியோடு வேலை செய்யும் வகை, மால்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணிவிடும். வயிற்று டயாலிசிஸ் திரவங்களில் ஒன்றான இக்கோடெக்ஸ்ட்ரின் உடலுக்குள் போய் மால்டோஸாக உடைகிறது. மீட்டர் 200-க்கு மேல் காட்டும்போது உண்மையான சுகர் மயக்கம் வரும் அளவுக்குக் கீழே இருக்க முடியும்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009 ஆகஸ்டில் இதைப் பற்றி எச்சரித்தது. 1997 முதல் அதுவரை இப்படி 13 மரணங்கள் அதற்குத் தெரிவிக்கப்பட்டிருந்தன. அதன் பிறகு பல நிறுவனங்கள் நொதியை மாற்றிவிட்டன. ஆனாலும் துண்டுச்சீட்டில் "மால்டோஸ்" என்ற சொல்லைத் தேடுங்கள், டயாலிசிஸ் பிரிவில் ஒரு முறை காட்டிவிட்டு வாங்குங்கள். மால்டோஸ் கலந்த சில இம்யூனோகுளோபுலின் மருந்துகளை ஏற்றும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஃபெரோசீன்னு காலேஜ்ல படிச்சோம். அதுக்கும் சுகர் மெஷினுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கதை இது. 1951-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கீலியும் பாசனும் ஃபுல்வலீன் என்ற கரிமச் சேர்மத்தைத் தயாரிக்க முயன்றார்கள். கிடைத்தது வேறொன்று: ஆரஞ்சு நிறப் படிகங்கள், சூடாக்கினாலும் எளிதில் சிதையாதவை. இரண்டு ஐங்கோணக் கார்பன் வளையங்களுக்கு நடுவே ஓர் இரும்பு அணு உட்கார்ந்திருக்கிறது என்று அடுத்த ஆண்டு தெரிந்தது. அதுதான் ஃபெரோசீன். இந்த வகைச் சேர்மங்களின் ஆய்வுக்காக 1973-இல் ஃபிஷரும் வில்கின்சனும் நோபல் பரிசு பெற்றார்கள்.

இப்போது ஸ்ட்ரிப்புக்கு வருவோம். முதல் பதிலில் சொன்ன மீடியேட்டர் வேலையை இயற்கையில் செய்வது ஆக்சிஜன். அதை நம்பினால் இரண்டு சிக்கல். ஒன்று, ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குளுக்கோஸைவிட மிகக் குறைவு, அதன் அளவும் ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு, அப்போது உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை அளக்க அதிக மின்னழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தில் வைட்டமின் சி, யூரிக் அமிலம், பாராசிட்டமால் எல்லாம் எலக்ட்ரானைக் கொட்டும். ஃபெரோசீனில் உள்ள இரும்பு ஓர் எலக்ட்ரானைச் சுலபமாகக் கொடுத்துச் சுலபமாக வாங்கும், அதுவும் குறைந்த மின்னழுத்தத்தில். வளையத்தில் எந்தத் தொகுதியை இணைக்கிறோமோ அதற்கேற்ப அந்த மின்னழுத்தத்தையும் கரைதிறனையும் மாற்றிக்கொள்ளலாம். அங்கேதான் கரிமத் தொகுப்பு வேதியியலாளரின் கை தேவைப்படுகிறது.

ஆக்ஸ்ஃபோர்டிலும் கிரான்ஃபீல்டிலும் இருந்த காஸ், டேவிஸ், ஹில், டர்னர் உள்ளிட்டோர் 1984-இல் ஃபெரோசீன் மீடியேட்டர் கொண்ட குளுக்கோஸ் மின்முனையை வெளியிட்டார்கள். மூன்றே ஆண்டில், 1987-இல், பேனா வடிவில் எக்ஸாக்டெக் என்ற மீட்டர் கடைக்கு வந்தது. வேறு எதையோ தேடியபோது கிடைத்த படிகம் முப்பத்தாறு ஆண்டுகளில் நோயாளியின் சட்டைப் பைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பயன் என்ன என்று உடனே கேட்காமல் அடிப்படை வேதியியலுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் வாதாடுவது இதனால்தான்.

கையில ஒட்டுற சென்சார் 85 காட்டுது, விரல்ல குத்தினா 110. ஒட்டுறது வேஸ்ட்டா?

இல்லை, அது வேறு இடத்தில் அளக்கிறது. ஒட்டும் சென்சாரின் மெல்லிய இழை ரத்தத்தில் இல்லை, தோலுக்கடியில் செல்களுக்கு இடையே உள்ள திரவத்தில் இருக்கிறது. ரத்தத்தில் ஏற்படும் மாற்றம் அங்கே போய்ச் சேர ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பிடிக்கும். சாப்பிட்டு சுகர் வேகமாக ஏறும்போது சென்சார் பின்தங்கும், இறங்கும்போதும் அப்படியே. எண் நிலையாக இருக்கும் நேரத்தில் ஒப்பிட்டால் இரண்டும் நெருங்கி வரும். ராத்திரி அந்தக் கைப் பக்கம் படுத்து அழுத்தினாலும் பொய்யாகக் குறைந்து காட்டும். உடம்பு சொல்வதும் சென்சார் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால் விரலில் குத்திப் பாருங்கள்.

விரல் ஸ்ட்ரிப்பில் மீடியேட்டர் கரைந்து ஓடலாம், உடலுக்குள் அப்படி விட முடியாது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஹெல்லர், மீடியேட்டராக வேலை செய்யும் ஆஸ்மியம் என்ற உலோகத்தின் அணுக்களை ஒரு பாலிமர் சங்கிலியில் கட்டிப்போட்டு, நொதியையும் அதோடு பிணைத்தார். 2014-இல் ஐரோப்பாவில் வந்த லிப்ரே சென்சார் அந்த வழியில் வந்ததுதான். அதிக அளவு வைட்டமின் சி இதிலும் எண்ணை ஏற்றும். வேறு சில நிறுவனங்களின் சென்சார்கள் பெராக்சைடு வழியிலேயே வேலை செய்கின்றன, அவற்றுக்கு ஹைட்ராக்ஸியூரியா போன்ற மருந்துகள் தொல்லை. உங்கள் மருந்துப் பட்டியலைச் சென்சாரின் கையேட்டோடு ஒரு முறை ஒப்பிடுங்கள்.

குத்தவே வேண்டாம், வாட்ச் கட்டினா சுகர் தெரியும்னு விளம்பரம் வருதே?

வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் தானாகக் குளுக்கோஸ் அளக்கும் எந்த ஸ்மார்ட் வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் அறிவித்தது. ஒட்டிய சென்சாரின் எண்ணை வாங்கித் திரையில் காட்டும் வாட்ச் வேறு, அதில் தவறில்லை. தானே அளப்பதாகச் சொல்லும் வாட்ச்சை நம்பி இன்சுலின் போடுவது உயிருக்கு ஆபத்து.

எனக்கு சுகர் வியாதியே கிடையாது. காலையில கைநடுக்கம், வேர்வை, குழப்பம். அம்மாவோட மெஷின்ல பார்த்தா 48. இது என்ன?

முதலில் சர்க்கரையோ பழச்சாறோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இதை அலட்சியம் செய்யாமல் டாக்டரிடம் போங்கள். 100-க்குக் கீழே 15 மில்லிகிராம் வரை தவறு அனுமதிக்கப்பட்டது என்று மேலே பார்த்தோம். 48 என்றால் உண்மையில் 63 ஆகவும் இருக்கலாம், 33 ஆகவும் இருக்கலாம். அதனால் மீட்டரை வைத்து "ஆம்" என்றோ "இல்லை" என்றோ முடிவு செய்ய முடியாது.

மருத்துவர்கள் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்ப்பார்கள்: அறிகுறி, அந்த நேரத்திலேயே ஆய்வகத்தில் உறுதியான குறைந்த சுகர், சுகர் ஏறியதும் அறிகுறி மறைதல். அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் பெயரால் இதை விப்பிள் முக்கூறு என்பார்கள். வீட்டில் இருக்கும் யாருடைய சர்க்கரை மாத்திரையையாவது தவறுதலாக விழுங்கியிருக்கிறீர்களா என்றும் பார்ப்பார்கள், அது நடக்கக்கூடியதுதான். இவை எல்லாம் தாண்டி, சில பேருக்குக் கணையத்தில் இன்சுலினைக் கட்டுப்பாடின்றிச் சுரக்கும் சின்னக் கட்டி இருக்கும். பெயர் இன்சுலினோமா. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் முதல் நான்கு பேருக்கு வரும் அளவுக்கு அரிது. வலிப்பு என்றோ மனநோய் என்றோ எண்ணி ஆண்டுக்கணக்கில் வேறு சிகிச்சை எடுத்தவர்கள் இதில் உண்டு.

உறுதி செய்ய மருத்துவமனையில் கண்காணிப்போடு 72 மணி நேரம் வரை உண்ணாமல் வைத்து, சுகர் 55-க்குக் கீழே போகும்போது இன்சுலினையும், அதோடு சேர்ந்தே கணையத்திலிருந்து வரும் சி-பெப்டைடையும் அளப்பார்கள். அவ்வளவு குறைந்த சுகரில் கணையம் இன்சுலினை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை என்றால் காரணம் தெரிந்துவிடும். இந்தப் பட்டினியை வீட்டில் ஒருபோதும் செய்து பார்க்காதீர்கள்.

அந்தக் கட்டியை ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமா? அப்போ சுகரை எப்படிப் பார்ப்பாங்க?

எடுக்கலாம், பெரும்பாலானவர்களுக்கு அதோடு குணம். பத்தில் ஒன்பது கட்டிகள் புற்றுநோய் அல்லாதவை. ஆனால் பல கட்டிகள் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு என்பதால் கண்டுபிடிப்பதுதான் கடினம். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி வழியான அல்ட்ராசவுண்ட் எல்லாம் செய்து இடத்தை உறுதி செய்துகொள்வார்கள். அறுவையின்போதும் மருத்துவர் விரலால் தடவிப் பார்த்து, கணையத்தின் மேலேயே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பார்ப்பார். கணையக் குழாயிலிருந்து விலகி இருந்தால் கட்டியை மட்டும் தோண்டி எடுத்துவிடுவார்கள். முதன்முதலில் இப்படிக் குணப்படுத்தியவர் டொரொன்டோவின் ராஸ்கோ கிரஹாம், 1929-இல். இன்சுலினைக் கண்டுபிடித்த அதே நகரம்.

அறுவை நடக்கும்போது சுகரை அடிக்கடி பார்ப்பார்கள், கட்டி வெளியே வந்தபின் எண் ஏறுவது நல்ல அறிகுறி. பல இடங்களில் அதை ரத்த வாயுப் பகுப்பாய்வுக் கருவியில் பார்ப்பார்கள். அதற்குள் இருப்பதும் நொதி மின்முனைதான். 1962-இல் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் நொதி மின்முனை என்ற யோசனையை முதலில் வெளியிட்ட கட்டுரையே, இதய அறுவையின்போது நோயாளியைத் தொடர்ந்து கண்காணிப்பதைப் பற்றியது. வீட்டு மீட்டரின் மூதாதை பிறந்தது அறுவை அரங்கின் தேவைக்காக.

சுகரை இப்படிப் பார்க்க முடியுதுன்னா, கேன்சரையும் ஒரு ஸ்ட்ரிப்ல பார்க்க ஏன் முடியல?

குளுக்கோஸ் நமக்குச் சாதகமான மூலக்கூறு. ரத்தத்தில் ஏராளமாக இருக்கிறது, அதைத் தேர்ந்து பிடிக்கும் மலிவான, உறுதியான நொதி ஒரு பூஞ்சையிலிருந்தே கிடைக்கிறது, அந்த நொதியே எலக்ட்ரானையும் தருகிறது. கீட்டோன், யூரிக் அமிலம் போன்றவற்றுக்கும் ஓரளவு இப்படி அமைந்ததால் அவற்றுக்கும் ஸ்ட்ரிப் வந்துவிட்டது. புராஸ்டேட் புற்றில் பார்க்கும் பி.எஸ்.ஏ. போன்ற புரதங்களோ, மூலக்கூறு எண்ணிக்கையில் குளுக்கோஸைவிடக் கோடி மடங்குக்கு மேல் குறைவு. அவை தாமாக எலக்ட்ரான் தருவதும் இல்லை. ஆன்டிபாடியால் பிடித்து, அதன்மேல் எலக்ட்ரான் தரும் அடையாளத்தை ஒட்டி, ஒட்டாததைக் கழுவி அகற்றி, பிறகு அளக்க வேண்டும். ரத்தத்தின் மற்ற புரதங்கள் இதற்குள் மின்முனையில் படிந்து அதை மழுங்கடித்துவிடும்.

ஆய்வுக் கட்டுரைகளில் மிகக் குறைந்த அளவையும் கண்டுபிடித்ததாகப் படித்தால், அது தூய உப்புக் கரைசலிலா, உண்மையான நோயாளியின் ரத்தத்திலா என்று பாருங்கள். எம்.எஸ்சி. முடித்து இதில் ஆராய்ச்சிக்கு வர நினைக்கிற பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன். காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், மின்வேதியியலுக்கென்றே மத்திய அரசின் ஆய்வு நிலையம் இருக்கிறது. வேலைக்கு ஆள் தேவைப்படும் இடம் புதுப்புது நானோ பொருள்களில் மட்டும் இல்லை. ரத்தத்தில் மழுங்காத பரப்பு, எத்தனை செய்தாலும் ஒரே எண் தரும் மின்முனை, நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் ஆறு மாதம் கெடாத ஸ்ட்ரிப் ஆகியவற்றுக்கு இன்னும் நல்ல விடை தேவைப்படுகிறது.